அத்தியாயம் 6: கடைமடைக் கடற்கரையில் ஒரு கோடை வார இறுதி

கோடை விடுமுறை விட்டதும் தஞ்சாவூர், திருச்சிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மலைதான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. போய்ச் சேர்ந்தாலும் அறை கிடைப்பது கடினம், சாலையில் நெரிசல். கையில் கூடுதல் பணம் உள்ளவர்கள் அந்தமானையும் மாலத்தீவையும் விசாரிக்கிறார்கள். நம் ஆறுகள் போய்ச் சேரும் கரை தஞ்சையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. வழியில் ஓர் இரவும் அங்கே ஓர் இரவும் தங்கி, வேளைக்கு நல்ல சாப்பாடு சாப்பிட்டு, காலையும் மாலையும் கடலோரம் நடந்துவிட்டு வருவதற்கான திட்டம்தான் இந்த அத்தியாயம்.

இந்தக் கரையில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பவளப்பாறை இல்லை. கண்ணாடி போன்ற நீர் இல்லை. ஆற்று வண்டலும் மணலும் கலந்த அலை பல நாள் பழுப்பாகவே இருக்கும். ஆழம் திடீரென்று கூடும் கடல் என்பதால் நீந்தி விளையாடவும் ஏற்றதல்ல. இங்கே உள்ளவை நீண்ட மணற்கரை, பிற்பகலில் எழும் கடல் காற்று, நானூறு ஆண்டுப் பழமையுள்ள ஒரு கோட்டை ஊர், அன்று விடியற்காலையில் கரைக்கு வந்த மீன். ஓய்வுக்கு இவை போதும்.

கோடையில் ஏன் கடல், ஏன் ஆறு இல்லை

மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்படும் வழக்கமான தேதி ஜூன் 12. அதற்கு முன் டெல்டாவுக்கு வருபவர்கள் காவிரியிலும் குடமுருட்டியிலும் அரசலாற்றிலும் பெரும்பாலும் மணலைத்தான் பார்ப்பார்கள். சம்பா அறுத்த வயலில் விதைத்த உளுந்தும் பயறும்கூட எடுத்து முடிந்திருக்கும். ஆழ்குழாய்க் கிணறு உள்ள இடங்களில் மட்டும் பச்சை தெரியும். கரைபுரளும் ஆறும் நாற்று நட்ட வயலும் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஆடிப்பெருக்குக்குப் பிறகு வரலாம். ஏப்ரல், மே மாதங்களில் டெல்டாவில் குளிர்ச்சி என்று சொல்ல இருப்பது கடலோரம் ஒன்றுதான்.

கடல் காற்றுக்கும் நேரம் உண்டு. காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறும். நண்பகலுக்குப் பிறகு கடலிலிருந்து காற்று எழுந்து, நான்கு மணிக்கு மேல் வெளியே நடமாட முடியும். மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாளில் கடல் காற்று பிந்தி வரும். சில நாள் மாலை வரைக்கும் வராது. அக்னி நட்சத்திர நாட்களில் இதை எதிர்பார்த்தே வர வேண்டும். ஆகவே இந்தப் பயணத்தின் நேர ஒழுங்கு எளிமையானது: விடியலும் மாலையும் வெளியே, நடுப்பகல் முழுதும் கூரைக்குக் கீழே.

தட்டில் வரும் மீனும் தடைக்காலமும்

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் அந்த நாட்களில் கடலுக்குப் போவதில்லை. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை துறைமுகத்தில் அவை வரிசையாகக் கட்டிக் கிடப்பதையும், வலை பின்னுவது, பலகை மாற்றுவது, வண்ணம் அடிப்பது என்று கரையில் வேலை நடப்பதையும் அப்போது பார்க்கலாம். நாட்டுப்படகுகளுக்கும் பைபர் படகுகளுக்கும் தடை இல்லை. அவை கரையை ஒட்டிய கடலில் வலை விட்டுத் திரும்புகின்றன.

உங்கள் சாப்பாட்டில் இது நேராகத் தெரியும். கோடையில் பெரிய வஞ்சிரத் துண்டும் பெரிய வவ்வாலும் கேட்டால், விலை கூடுதலாக இருக்கும். பல நேரம் அது வெளியூரிலிருந்து ஐஸில் வந்ததாகவும் இருக்கும். சின்னப் படகில் வரும் மத்தி, கிழங்கான், நெத்திலி, காரப்பொடி, நண்டு ஆகியவை அன்றைக்கு வந்தவை. முகத்துவாரத்து உப்பாற்றில் மடவை, கொடுவா, இறால் கிடைக்கும். மே மாதத்துக்குப் பிறகு இந்தக் கரைக்கே உரிய கோலா மீன் பருவம் தொடங்குகிறது. நீர்மட்டத்துக்கு மேல் எழுந்து பறக்கும் மீன் அது. அதைப் பிடிக்க ஆழ்கடலுக்குப் போகும் வழக்கம் நாகை வட்டாரத்து மீனவர்களிடம் பல தலைமுறையாக உண்டு. கோலா கிடைக்கிறது என்று கேள்விப்பட்டால் குழம்பாகவோ புட்டாகவோ ஒரு வேளை கட்டாயம் சாப்பிடுங்கள்.

ஓட்டலில் உட்கார்ந்ததும் பட்டியலைப் பார்த்து மீன் சொல்லாதீர்கள். "இன்னிக்கு என்னண்ணே வந்துருக்கு?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சாப்பிடுங்கள். பொரித்த மீனுக்குத் துண்டு விலையா எடை விலையா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வார இறுதியில் பில் வரும்போது எழும் மனக்கசப்பில் பாதி அந்த ஒரு கேள்வியால் தீரும்.

எங்கே தங்குவது

தரங்கம்பாடியை இருப்பிடமாக வைத்துக்கொள்ளுங்கள். வேளாங்கண்ணியில் அறைகள் அதிகம் என்றாலும் வார இறுதியில் கூட்டமும் அதிகம். காரைக்காலில் வசதியான ஓட்டல்கள் உண்டு. ஆனால் அது நகரம். தரங்கம்பாடியில் கோட்டைக்குப் பக்கத்திலேயே கடலைப் பார்த்த பழைய மாளிகைகளில் தங்கும் அறைகள் இருக்கின்றன. எண்ணிக்கை குறைவு என்பதால் கோடை வார இறுதிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால், மயிலாடுதுறை சாலையில் பத்து கிலோமீட்டருக்குள் திருக்கடையூர் இருக்கிறது. அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வரும் குடும்பங்களுக்காகக் கட்டிய விடுதிகள் அங்கே ஏராளம். சைவச் சாப்பாடும் தரமாகக் கிடைக்கும். முகூர்த்த நாளா என்று மட்டும் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறை எடுக்கும்போது மூன்று கேள்வி: நடுப்பகலில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா? குளிக்கும் தண்ணீர் உப்பா? சொன்னால் மீன் சமைத்துத் தருவார்களா?

எப்படிப் போவது

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர், அங்கிருந்து மயிலாடுதுறை 35, அங்கிருந்து தரங்கம்பாடி சுமார் 30. பேருந்தில் வருபவர்கள் மயிலாடுதுறையில் மாறிக்கொள்ளலாம். சிதம்பரம், நாகப்பட்டினம் வழித்தடப் பேருந்துகள் பல தரங்கம்பாடி வழியாகவே போகின்றன. ரயிலில் வருபவர்களுக்கு மயிலாடுதுறை சந்திப்புதான் இறங்குமிடம். 1926-இல் அங்கிருந்து தரங்கம்பாடிக்குப் போட்ட ரயில்பாதை 1980-களில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது சாலை மட்டுமே. சென்னைக்குத் திரும்புபவர்களுக்குக் காரைக்காலிலிருந்து நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை வழியாகப் போகும் கம்பன் எக்ஸ்பிரஸ் இரவு வண்டி வசதியானது.

வெள்ளி இரவு: கும்பகோணம்

வேலை முடித்து வெள்ளிக்கிழமை மாலை கிளம்புபவர்கள் அன்றிரவு கும்பகோணத்தில் தங்குவது நல்லது. காரணம் சனிக்கிழமைக் காலைப் பலகாரம். கும்பகோணம் கடப்பா என்பது பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, தேங்காய், சோம்பு, பச்சைமிளகாய் அரைத்து விட்ட குழம்பு. இட்லிக்கும் தோசைக்கும் அதுதான் பொருத்தம். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் போட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைக்கும் கடைகளும் உண்டு. ஆகவே முதல் நாள் இரவே அறைக்காரரிடம் விசாரித்து வையுங்கள். பிறகு டிகிரி காப்பி. நெடுஞ்சாலை எங்கும் பித்தளை டபராவைப் படம் போட்டு அந்தப் பெயரில் கடை வைத்திருக்கிறார்கள். முதல் டிகாக்ஷனும் தண்ணீர் கலக்காத பசும்பாலும்தான் அந்தக் காப்பியைத் தீர்மானிக்கின்றன. பித்தளைப் பாத்திரம் அல்ல. கோயில் வீதிகளில் உள்ளூர்க்காரர்கள் நின்று குடிக்கும் கடையைத் தேடிப் போங்கள்.

தஞ்சையிலிருந்து நேரம் இருந்தால் திருவையாறு வழியாக வந்து அசோகா வாங்கி வைத்துக்கொள்ளலாம். பாசிப்பருப்பில் செய்யும் அந்த அல்வா சூடாகச் சாப்பிட வேண்டியது. இருந்தாலும் இரண்டு நாள் தாங்கும்.

சனிக்கிழமை

காலை எட்டு மணிக்குள் கும்பகோணத்தை விட்டுக் கிளம்பினால் பத்து மணிக்குத் தரங்கம்பாடி. வழியில் வெள்ளரிப் பிஞ்சும் நுங்கும் விற்பார்கள். நுங்கை ஓலையில் வைத்துத் தரும் இடத்தில் வாங்கி அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். வெயிலில் வண்டியில் வைத்தால் கெட்டுவிடும்.

ஊருக்குள் நுழையும்போதே 1792-இல் கட்டிய வெள்ளை நிற நகர வாயில் எதிர்ப்படும். அதைத் தாண்டினால் ராஜ வீதி, நேரே கடலில் போய் முடிகிறது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்குக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் இந்த இடம் டேனிஷ் வணிகர்கள் கைக்கு வந்தது. மிளகு வாங்க வந்த கப்பல் தலைவன் ஓவே ஜெட்டே கட்டத் தொடங்கியதுதான் டான்ஸ்போர்க் கோட்டை. 1845-இல் டென்மார்க் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. துறைமுக வாணிபம் வேறு இடங்களுக்குப் போனதால் ஊர் பெரிதாக வளரவில்லை. வளராததால் வீதியும் வீடுகளும் இடிபடாமல் தப்பின.

அறையில் பெட்டியை வைத்ததும் கோட்டைக்குப் போய்விடுங்கள். உள்ளே மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. சுவர்கள் தடிமனானவை, பதினொன்றரை மணி வரை உள்ளே இருப்பது சிரமமாக இருக்காது. மேல்தளத்துக்கு ஏறினால் கடல் முழுதும் தெரியும். மாலைக்கு ஒத்திப்போட வேண்டாம். பொழுது சாயும் முன்பே மூடிவிடுவார்கள்.

பன்னிரண்டரைக்கு மதியச் சாப்பாடு. முதல் நாளே சொல்லி வைத்திருந்தால் மாங்காய் போட்ட மீன்குழம்பு கேளுங்கள். கோடை மாங்காயின் புளிப்பும் மத்தியின் எண்ணெயும் சேர்ந்தால் புளி பாதி போதும். காலையில் வைத்த குழம்பு மதியத்துக்குள் ஊறியிருக்கும். சூடாக வேண்டும் என்று திரும்பக் கொதிக்க வைக்கச் சொல்லாதீர்கள், மீன் உடைந்துவிடும். கிழங்கானைப் பொரித்தால் போதும், முள் குறைவு, குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். முடிவில் மோர் கட்டாயம்.

ஒன்றரை முதல் நான்கு வரை தூங்குங்கள். இதைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே சொல்கிறேன். அந்த நேரத்தில் இன்னும் இரண்டு கோயில் பார்த்துவிடலாம் என்று கிளம்புபவர்கள், நடை சாத்திய வாசலில் சுடுகல்லில் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். நம் பகுதிக் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் மூடி நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும்.

நாலரைக்கு ராஜ வீதியில் நடை. 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இரண்டும் இந்த வீதியில்தான். 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தவர் அவர். தமிழ்ப் புத்தகம் படிக்கும் எவரும் அந்த ஆலயத்தில் சற்று நேரம் நிற்பது பொருத்தம். அவரைப் பற்றிய அருங்காட்சியகமும் ஊரிலேயே இருக்கிறது.

வீதியைத் தாண்டிக் கரையோரம் வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைப் புதுப்பித்து, அலை தடுக்கக் கற்கள் போட்டிருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் ஏறிப் படம் எடுக்க வேண்டாம். பாசி படிந்து வழுக்கும். ஏழு மணி வரை மணலில் உட்கார்ந்திருங்கள். கடலோரத் தள்ளுவண்டியில் சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் கிடைக்கும். இரவு இட்லியோ இடியாப்பமோ போதும். மதியம் மீன் சாப்பிட்ட உடம்புக்கு, கோடை இரவில் அதற்கு மேல் தேவைப்படாது.

ஞாயிற்றுக்கிழமை

இந்தப் பயணத்தின் மிக நல்ல இரண்டு மணி நேரம் ஞாயிறு காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை. மே மாதத்தில் சூரியன் ஆறு மணிக்குள் எழுந்துவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் நடங்கள். இரவு போன பைபர் படகுகள் அந்த நேரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பும். மீன் இறங்கும் இடத்தில் ஏலம் நடக்கும். சில நாள் கரைவலை இழுப்பதையும் பார்க்கலாம்.

அங்கே நடந்துகொள்ளும் முறை ஒன்று உண்டு. ஏலக்காரருக்கும் வலை இழுப்பவர்களுக்கும் குறுக்கே நிற்காதீர்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே படம் எடுக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோயிற்று. தரங்கம்பாடியும் அன்று அந்த மாவட்டத்தில் இருந்த ஊர்தான். கரையில் இருப்பவர்கள் தாமாகப் பேசினால் கேளுங்கள். சுற்றுலா வந்தவர் ஆவலுக்காக அந்த நாளைப் பற்றிக் கேள்வி கேட்பது முறையல்ல.

மீன் வாங்குவதாக இருந்தால் ஏலத்தில் இறங்க வேண்டாம். ஏலம் எடுத்து விற்கும் பெண்களிடம் வாங்குங்கள். "அக்கா, இது இன்னிக்கு வந்ததா, ஐஸ்ல இருந்ததா?" என்று நேராகவே கேட்கலாம். கண் தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழ வேண்டும். சுத்தம் செய்து வெட்டித் தர அங்கேயே ஆள் உண்டு. அதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். அந்த மீனைத் தங்கும் இடத்தில் கொடுத்துச் சமைக்கச் சொன்னால் அதுதான் நிறைவான சாப்பாடு. ஊருக்கு எடுத்துப்போகக் கருவாடு போதும். கோடையில் பச்சை மீனை நான்கு மணி நேரம் வண்டியில் கொண்டுபோவது ஆபத்து.

காலைச் சாப்பாட்டுக்குப் பழையசோறு கேட்டுப் பாருங்கள். மோர் ஊற்றிக் கரைத்த பழையசோறு, சின்ன வெங்காயம், சுட்ட நெத்திலிக் கருவாடு. ஓட்டல் பட்டியலில் இருக்காது. வீட்டோடு சேர்ந்த விடுதிகளில் முதல் நாள் சொன்னால் எடுத்து வைப்பார்கள். அன்றைய வெயிலைத் தாங்க அதைவிட நல்ல தயாரிப்பு கிடையாது.

பதினோரு மணி வரை அறையில் ஓய்வெடுத்துவிட்டுக் காரைக்காலுக்குக் கிளம்புங்கள், 15 கிலோமீட்டர்தான். காரைக்காலை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமை திருநள்ளாற்றில் சனீஸ்வரனைக் கும்பிட வரும் கூட்டத்தால் அந்தப் பக்கத்துச் சாலைகளும் ஓட்டல்களும் நிரம்பிவிடும். ஞாயிறன்று ஓரளவு மூச்சு விடலாம். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்து, 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்த ஊர் இது. இன்றும் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் பகுதி. மதியச் சாப்பாட்டை ஏசி உள்ள ஓட்டலில் நிதானமாக முடித்துக்கொண்டு, நான்கு மணிக்கு அரசலாற்றங்கரைச் சாலைக்குப் போங்கள். ஆற்றை ஒட்டியே நடைபாதை போய்க் கடற்கரையில் சேர்கிறது. ஆறும் கடலும் சேரும் இடத்தைக் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட வசதியான இடம் இந்தக் கரையில் இல்லை. ஆனி பௌர்ணமியை ஒட்டி வருபவர்கள் காரைக்கால் அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழாவையும் பார்க்கலாம்.

காரைக்காலில் மது விலை குறைவு என்பதற்காகவே வரும் கூட்டமும் உண்டு. ஞாயிறு மாலைச் சாலையில் அதைக் கணக்கில் வைத்து ஓட்டுங்கள். புட்டிகளை எல்லை தாண்டித் தமிழகத்துக்குள் கொண்டுவருவது குற்றம். சோதனைச் சாவடியில் வண்டியையே பிடித்து வைக்கக்கூடும்.

ஆறு மணிக்கு நாகூர். ஷாகுல் ஹமீது ஆண்டகை தர்காவின் ஐந்து மினாராக்களில் பெரியது 131 அடி. அதைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப சிங். எல்லாச் சமயத்தவரும் வந்து போகும் இடம். தலையை மூடிக்கொண்டு, அமைதியாகப் போய் வாருங்கள். வெளியே வந்தால் சாப்பாட்டுத் தெரு. முதலில் வாடா. அரிசி மாவோடு தேங்காயும் வெங்காயமும் சேர்ந்து, இறால் வைத்துப் பொரித்த பண்டம். எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் சாப்பிட வேண்டும். அடுத்து பரோட்டா, அல்லது சீரகச் சம்பா அரிசியில் செய்த பிரியாணி. இனிப்புக்கு ரவையும் முட்டையும் நெய்யும் சேர்ந்த தம்ரூட். வீட்டுக்கு வாங்கிப்போக ஏற்றதும் அதுதான், கெடாமல் இருக்கும். பிறகு ஆறேழு கிலோமீட்டரில் நாகப்பட்டினம். அங்கிருந்து திருவாரூர் வழியாகத் தஞ்சைக்குப் பேருந்தும் ரயிலும் உண்டு.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு

இந்தக் கரை மீனுக்குப் பேர் பெற்றதென்றாலும் சைவர்களுக்குக் குறை இல்லை. மயிலாடுதுறையிலும் திருக்கடையூரிலும் வேளாங்கண்ணியிலும் நல்ல சைவ ஓட்டல்கள் இருக்கின்றன. தரங்கம்பாடி ஊருக்குள் மட்டும் தேர்வு குறைவு. மதியச் சாப்பாட்டைத் திருக்கடையூரில் வைத்துக்கொள்ளுங்கள். சுண்டைவத்தல் குழம்பு, மோர்மிளகாய், மாங்காய்ப் பச்சடி ஆகிய மூன்றும் கோடையில் தஞ்சைச் சமையலின் சிறப்பு. இவை கிடைக்கும் இடத்தில் வேறு எதையும் தேட வேண்டாம்.

கடலில் எச்சரிக்கை

தரங்கம்பாடி, பூம்புகார், காரைக்கால், வேளாங்கண்ணி என எந்த இடமானாலும் விதி ஒன்றே: கணுக்காலுக்கு மேல் போகாதீர்கள். ஆற்று முகத்துவாரத்தில் அதுவும் வேண்டாம். அங்கே மணல் திட்டு நாளுக்கு நாள் இடம் மாறும், நேற்று நின்ற இடத்தில் இன்று குழி இருக்கும். அலை கரையிலிருந்து திரும்பும் வேகத்தில் காலடி மணல் கரைந்துபோகும்; நீச்சல் தெரிந்தவர்களும் அதில் தப்புவது கடினம். இழுத்துக்கொண்டு போனால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். குடித்துவிட்டு இறங்கவே கூடாது. கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை வந்த நாளில் மீனவர்கள் படகை மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தாலே போதும், நீங்களும் மணலோடு நின்றுவிடுங்கள்.

வெயிலுக்கு: தொப்பி, பருத்தி உடை, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம். நடுப்பகலில் மணலில் வெறுங்காலோடு குழந்தைகளை விடாதீர்கள், பாதம் கொப்பளித்துவிடும்.

மூன்றாம் நாள் கிடைத்தால்

வடக்கே போக விரும்பினால் பூம்புகார். காவிரி கடலில் சேரும் இடமும், 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடமும் அங்கே இருக்கின்றன. கண்ணகி கதையைக் கல்லில் செதுக்கிய அந்தக் கூடம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். சித்திரை முழுநிலவை ஒட்டி விழா நடக்கும். அப்போது கூட்டமும் இருக்கும்.

தெற்கே போக விரும்பினால் வேதாரண்யம். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிய இடம். கோடையில்தான் உப்பளங்களில் வேலை உச்சத்தில் இருக்கும். வெள்ளைக் குவியல்களை அதிகாலையில் பார்க்க வேண்டும். அதை அடுத்த கோடியக்கரைக்குப் பறவை பார்க்கக் கோடையில் போக வேண்டாம். வலசைப் பறவைகள் மழைக்காலத்தை ஒட்டித்தான் வரும். வெளிமான்களைப் பார்க்கலாம்.

தீவுக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. பாஸ்போர்ட்டும் இலங்கை நுழைவு அனுமதியும் தேவை. கடல் நிலையைப் பொறுத்துச் சேவை நிற்கக்கூடும் என்பதால் ஓடும் நாளை உறுதி செய்துகொண்டே கிளம்புங்கள். வார இறுதி அதற்குப் போதாது. குறைந்தது நான்கு நாள் ஒதுக்குங்கள்.

முடிவாக

இந்தக் கரைக்கு வருபவர்கள் வழக்கமாகச் செய்வது ஒரே நாளில் திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி மூன்றையும் பார்த்துவிட்டு இரவோடு இரவாகத் திரும்புவது. அது வேண்டுதல் பயணம். அதற்கான இடம் அதற்கு உண்டு. ஓய்வுக்கு வருபவர்கள் ஒரு ஊரில் தங்குங்கள், வெயிலுக்குப் பணிந்து நடங்கள், சின்னப் படகு கொண்டுவந்ததைச் சாப்பிடுங்கள். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாளில் கரையோரக் குடும்பங்கள் பலவற்றுக்கு வருமானம் குறைவு. நீங்கள் அறைக்கும் மீனுக்கும் கருவாட்டுக்கும் கொடுக்கும் பணம் அந்த ஊரிலேயே தங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பேரம் பேசலாம், ஆனால் கூடை சுமந்து வரும் பெண்ணிடம் பத்து ரூபாய்க்காக நிற்க வேண்டாம். கொண்டுபோன பிளாஸ்டிக்கைக் கரையில் போடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.